ஆக்சஸ் ரிப்போர்ட் கோணலா வருதா? டிசைன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பிரிண்டரப் பாருங்க

நேத்து சாயங்காலம் வரைக்கும் சரியா வந்த ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) ரிப்போர்ட் இன்னைக்குக் காலைல தொறந்தா கடைசி காலம் (நெடுவரிசை) மட்டும் அடுத்த பக்கத்துல போய் உக்காந்திருக்கு, இல்லன்னா ஒண்ணு விட்டு ஒண்ணு வெத்துப் பக்கமா வருது, இல்லன்னா தொறக்கவே மாட்டேங்குது. டேட்டா அதே டேட்டாதான், டிசைன யாரும் தொடவும் இல்ல. இந்த நெலமைல முக்காவாசிப் பேரு பண்ற முதல் காரியம் ரிப்போர்ட்ட டிசைன் வியூல தொறந்து டெக்ஸ்ட் பாக்ஸ எல்லாம் இழுத்து இழுத்து சின்னது பண்றது. தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க. அளவு நாடா தப்பா இருக்கறப்ப துணிய வெட்டுற மாதிரி அது, நாளைக்கு நாடா சரியானதும் தச்ச சட்டை பத்தாது.

ஆக்சஸ் ஒரு ரிப்போர்ட்ட பிரிண்ட் ப்ரிவியூல காட்டறதுக்கு முன்னாடி பிரிண்டர் டிரைவர்கிட்ட, அதாவது விண்டோஸுக்கும் பிரிண்டருக்கும் நடுவுல நிக்கற சாஃப்ட்வேர்கிட்ட, சில விஷயம் கேட்டுக்கும். பேப்பர் என்ன சைஸு, ஓரத்துல எவ்ளோ இடம் மை படாது, இந்த ஃபான்ட்ல இந்த வரிக்கு எவ்ளோ அகலம் வேணும், இதெல்லாம். நீங்க பேப்பர்ல எடுக்கப் போறீங்களோ, வெறும் ஸ்கிரீன்ல பாக்கப் போறீங்களோ, பிடிஎஃப் போடப் போறீங்களோ, எதுவானாலும் கேக்கும். அதனால டிஃபால்ட் பிரிண்டர் (நீங்க எதையும் தேர்ந்தெடுக்காதப்ப விண்டோஸ் தானா எடுத்துக்கற பிரிண்டர்) மாறினா ரிப்போர்ட்டும் மாறும், டிரைவர் கெட்டா ரிப்போர்ட்டும் கெடும். இத ஒருதடவ புரிஞ்சுக்கிட்டா கீழ சொல்ற எல்லாமே தானா புரியும்.

மொதல்ல இந்த ரெண்டு சோதனையப் பண்ணுங்க, அஞ்சு நிமிஷம்கூட ஆகாது

ஒண்ணு, ரிப்போர்ட்ட ரிப்போர்ட் வியூல தொறங்க, அப்புறம் பிரிண்ட் ப்ரிவியூல தொறங்க. ரிப்போர்ட் வியூன்றது ஆக்சஸ் 2007-ல வந்தது, அது பக்கம் பக்கமா பிரிக்காது, ஒரே நீளமாக் காட்டும். ரிப்போர்ட் வியூல நல்லா இருந்து ப்ரிவியூல மட்டும் கோணலா வந்தா பிரச்சினை பேப்பர், பிரிண்டர் பக்கம்தான். ரெண்டுலயுமே தப்பா வந்தா, அதாவது தொகை தப்பு, பேர் வர்ற எடத்துல எரர்னு வருது அப்படின்னா, அது குவெரியோ ஃபீல்டு பேரோ சம்பந்தப்பட்டது, இந்தப் பதிவு அதுக்கு உதவாது.

ரெண்டு, ஆக்சஸ முழுசா மூடுங்க. விண்டோஸ்ல டிஃபால்ட் பிரிண்டர மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்னு மாத்துங்க, திரும்ப ஆக்சஸ தொறந்து அதே ரிப்போர்ட்டப் பாருங்க. மூடித் தொறக்கறது முக்கியம், ஏன்னா ஆக்சஸ் ஓடிட்டிருக்கறப்ப வெளிய பிரிண்டர மாத்தினா அது பழைய பிரிண்டரையே புடிச்சுட்டு இருக்கும், நீங்க "மாத்திப் பாத்தேன் சரியாகல"ன்னு தப்பான முடிவுக்கு வந்துடுவீங்க. பிடிஎஃப் பிரிண்டர்ல ரிப்போர்ட் ஒழுங்கா வந்தா குத்தவாளி பழைய டிரைவர்தான்னு வெச்சுக்கலாம். அதுலயும் வரலன்னா அந்த ரிப்போர்ட்டுக்குள்ளயே ஒரு பிரிண்டர் பேரு பதிஞ்சிருக்கான்னு பாக்கணும், பேஜ் செட்டப்ல பேஜ் டேபுக்குப் போங்க, அங்க டிஃபால்ட் பிரிண்டர், யூஸ் ஸ்பெசிஃபிக் பிரிண்டர்னு ரெண்டு இருக்கும், ரெண்டாவதுல புள்ளி விழுந்திருந்தா நீங்க விண்டோஸ்ல என்ன மாத்தினாலும் அந்த ரிப்போர்ட் கண்டுக்காது.

இப்ப அறிகுறி வாரியா வர்றேன்.

ரிப்போர்ட் ஒல்லியாகி, பக்கம் மூணு மடங்கு ஆகுது

எனக்கு வர்ற ஃபோன்ல பாதிக்கு மேல இதுதான், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக் கடை, கணக்கு எல்லாம் ஆக்சஸ்ல. கணக்கு எழுதறவர் காலைல கூப்பிட்டு "ஏனுங்க சார், லெட்ஜர் எடுத்தா பஸ் டிக்கெட்டாட்டம் வருதுங்க"ன்னார். ரிமோட்ல போய்ப் பாத்தா 42 பக்கம் வர வேண்டிய லெட்ஜர் 126 பக்கம். மொதப் பக்கத்துல தேதியும் பார்ட்டி பேரும், ரெண்டாவதுல பேர்ல பாதியும் பற்றும், மூணாவதுல வரவும் பாக்கியும். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, ஏன்னா 126-ன்றது 42-ஓட சரியா மூணு மடங்கு. 80 மில்லிமீட்டர் பில் ரோல்ல மை படற அகலம் 72 மில்லிமீட்டர்தான், 19 சென்டிமீட்டர் அகல ரிப்போர்ட்ட அதுல வெட்டினா மூணு துண்டு ஆகும். அந்தக் கம்ப்யூட்டர்ல மொத நாள் ராத்திரி கடைசியா எடுத்தது ஒரு சில்லறை பில், தெர்மல் பிரிண்டர்ல.

யாரும் டிஃபால்ட்ட மாத்தல, விண்டோஸே மாத்திடுச்சு. விண்டோஸ் 10-ல 2015 நவம்பர்ல வந்த 1511 பதிப்புல ஒரு வசதி சேத்தாங்க, லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்னு. அது ஆன்ல இருந்தா நீங்க கடைசியா எந்த பிரிண்டர்ல எடுத்தீங்களோ அதுவே டிஃபால்ட் ஆயிடும். வீட்டுல ஒரு பிரிண்டர், ஆபீஸ்ல ஒரு பிரிண்டர்னு லேப்டாப்ப தூக்கிட்டு அலையறவங்களுக்கு அது நல்ல வசதிதான், ஆனா ஒரே கவுன்டர்ல தெர்மலும் லேசரும் ஸ்டிக்கர் பிரிண்டரும் மாட்டியிருக்கற கடைக்கு அது தெனமும் ஒரு தலைவலி. காலைல லேசர்ல ஏதாச்சும் ஒரு பேப்பர் எடுத்தா ரிப்போர்ட் தானா சரியாயிடும், மத்தியானம் பில் போட்டா திரும்பக் கெடும், அதனால "சில நேரம் வருது சில நேரம் வரல"ன்னு யாராச்சும் சொன்னா மொதல்ல இதத்தான் சந்தேகப்படணும்.

செட்டிங்ஸ்ல பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்க்குப் போய் அத ஆஃப் பண்ணுங்க, அப்புறம் ஏ4 பிரிண்டர டிஃபால்ட்டா வைங்க. ஒரு விஷயம், இது ஒவ்வொரு விண்டோஸ் லாகினுக்கும் தனித்தனி. முதலாளி லாகின்ல ஆஃப் பண்ணிட்டு வந்துட்டு கணக்குப்புள்ள லாகின்ல விட்டுட்டா மறுநாள் திரும்ப ஃபோன் வரும்.

இன்னும் நிரந்தரமா வேணும்னா கோட்லயே பூட்டலாம். ரிப்போர்ட்டத் தொறக்கற பட்டன்ல, தொறக்கறதுக்கு முன்னாடி அப்ளிகேஷன் டாட் பிரிண்டருக்கு நீங்க எந்த பிரிண்டர்னு செட் பண்ணிடுங்க, ரிப்போர்ட் மூடினதும் அத நத்திங்னு செட் பண்ணுங்க, அப்ப ஆக்சஸ் பழையபடி விண்டோஸோட டிஃபால்ட்டுக்குப் போயிடும். இந்த பிரிண்டர் ஆப்ஜெக்ட் ஆக்சஸ் 2002-ல இருந்தே இருக்கு. பிரிண்டர் பேர கோட்ல நேரா எழுதாம ஒரு சின்ன டேபிள்ல வெச்சுக்குங்க, கம்ப்யூட்டர் பேரு ஒரு காலம், பிரிண்டர் பேரு ஒரு காலம், அவ்ளோதான். நாளைக்கு பிரிண்டர மாத்தினா கடைக்காரரே டேபிள்ல மாத்திக்குவார், நீங்க போக வேண்டியதில்ல.

"பிரிண்டர் இல்ல"ன்னு எரர், ஆனா பிரிண்டர் கண்ணு முன்னாடி இருக்கு

எரர் 2202, டிசைன் பண்ணவோ ப்ரிவியூ பாக்கவோ பிரிண்டர் இன்ஸ்டால் பண்ணணும்னு சொல்லும். சில நேரம் கோட் வழியா தொறந்தா 2501 வரும், ஓப்பன்ரிப்போர்ட் ரத்தாயிடுச்சுன்னு. 2501-ஐப் பாத்து கொழம்பிடாதீங்க, டேட்டா இல்லாதப்ப ரிப்போர்ட்ட நிறுத்தற கோட் எழுதியிருந்தாலும் அதே நம்பர்தான் வரும், டேட்டா இருந்தும் வந்தா பிரிண்டரப் பாருங்க.

இதுல பாக்க வேண்டிய வரிசை: சர்வீசஸ்ல பிரிண்ட் ஸ்பூலர் (பிரிண்ட் வேலைகள வரிசையா வெச்சு அனுப்பற விண்டோஸ் சர்வீஸ்) ஓடுதா? அது நின்னு போயிருந்தா விண்டோஸுக்கு ஒரு பிரிண்டரும் இல்லாத மாதிரிதான், பிடிஎஃப் பிரிண்டர்கூட காணாமப் போயிடும். ஸ்டார்ட் பண்ணினா உடனே நிக்குதுன்னா வரிசைல ஒரு கெட்ட வேலை மாட்டியிருக்கு, ஸ்பூலர நிறுத்திட்டு விண்டோஸ் ஃபோல்டர், அதுக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ்னு போய் அங்க இருக்கற ஃபைல்கள மட்டும் அழிச்சுட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. பிரிண்டர்ஸ் ஃபோல்டர அழிச்சுடாதீங்க, உள்ள இருக்கறத மட்டும்.

சில சர்வர்ல ஸ்பூலர வேணும்னே நிறுத்தி வெச்சிருப்பாங்க. 2021 ஜூலைல பிரிண்ட்நைட்மேர்னு ஸ்பூலர்ல ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்ப மைக்ரோசாஃப்டே தற்காலிகமா ஸ்பூலர நிறுத்தி வைக்கலாம்னு சொல்லிச்சு, அப்ப நிறுத்தினத பேட்ச் வந்த பெறகும் நெறைய பேர் திரும்ப எடுத்து விடல. சர்வர்ல பிரிண்டரே இல்ல, எதுக்கு ஸ்பூலர்னு நெட்வொர்க் பாக்கறவர் கேப்பார், அவருக்கு நீங்கதான் சொல்லணும், ரிப்போர்ட்ட பிடிஎஃப் போடறதுக்கே ஸ்பூலரும் ஒரு டிரைவரும் வேணும்னு. அதே வருஷம் ஆகஸ்ட் 10-ல வந்த அப்டேட்டுக்கு அப்புறம் நெட்வொர்க் பிரிண்டரோட டிரைவர போடவோ புதுப்பிக்கவோ அட்மின் உரிமை வேணும்னு ஆயிடுச்சு, அதனால சாதா லாகின்ல பிரிண்டர் பேரு மட்டும் தெரியும், டிரைவர் ஏறியிருக்காது, ஆக்சஸ் திணறும். அட்மின் லாகின்ல ஒருதடவ டிரைவரப் போட்டுட்டா போதும்.

ராத்திரி தானா ஓடற ரிப்போர்ட் மட்டும் தோக்குதுன்னா, டாஸ்க் ஷெட்யூலர்ல அது எந்த யூசர் பேர்ல ஓடுதுன்னு பாருங்க. டிஃபால்ட் பிரிண்டர் யூசருக்கு யூசர் தனின்னு மேல சொன்னேன்ல, அந்த யூசர் ஒருதடவகூட லாகின் பண்ணாத யூசரா இருந்தா அவருக்கு டிஃபால்ட்னு ஒண்ணே இருக்காது. அந்தப் பேர்ல ஒருதடவ நேரா லாகின் பண்ணி பிடிஎஃப் பிரிண்டர டிஃபால்ட்டா வெச்சுட்டு வந்துடுங்க.

ரிமோட் டெஸ்க்டாப்ல வேலை செய்யறவங்களுக்கு இன்னொரு தொல்லை. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற பிரிண்டர் சர்வர்ல தெரியறப்ப அதோட பேருக்குப் பின்னாடி ரீடைரக்டட்னு போட்டு ஒரு செஷன் நம்பர் ஒட்டிக்கும். இன்னைக்கு 3, நாளைக்கு 7. ரிப்போர்ட்ல ஸ்பெசிஃபிக் பிரிண்டர்னு அந்தப் பேரப் பதிஞ்சு வெச்சீங்கன்னா மறுநாள் அந்தப் பேர்ல பிரிண்டரே இருக்காது, இது முன்னாடி வேற பிரிண்டருக்கு அமைச்சது, அது இப்ப இல்ல, டிஃபால்ட்ல எடுக்கட்டுமான்னு கேக்கும். ஆமான்னா ஓடும், ஆனா தெனமும் கேக்கும். ரிமோட்ல ஸ்பெசிஃபிக் பிரிண்டர் வேண்டவே வேண்டாம். லாகின் ஆன உடனே ஆக்சஸ தொறக்காம கொஞ்ச நேரம் பொறுத்துத் தொறங்க, பிரிண்டர்கள் வந்து சேர நேரம் ஆகும்.

ஒண்ணு விட்டு ஒண்ணு வெத்துப் பக்கம்

இது வெறும் கூட்டல் கணக்கு. ரிப்போர்ட்டோட அகலம், இடது மார்ஜின், வலது மார்ஜின், மூணையும் கூட்டினா பேப்பர் அகலத்துக்குள்ள இருக்கணும். ஏ4 அகலம் 21 சென்டிமீட்டர். ரிப்போர்ட் 19.8, மார்ஜின் ரெண்டு பக்கமும் 0.6, கூட்டினா சரியா 21, மயிரிழைல தப்பிச்சு ஓடிட்டிருக்கும். இப்ப புது பிரிண்டர் வாங்கறாங்க, அதோட டிரைவர் ஓரத்துல குறைஞ்சது 0.64 விட்டாகணும்னு சொல்லுதுன்னு வைங்க, ஆக்சஸ் மார்ஜின 0.64-க்கு ஏத்திடும், மொத்தம் 21.08, 0.8 மில்லிமீட்டர் தாண்டினதுக்கு ஒரு முழுப் பக்கம் வெத்தா வரும். செக்ஷன் அகலம் பக்க அகலத்த விட அதிகம், சில பக்கம் காலியா வரலாம்னு ஆக்சஸே எச்சரிக்கும், அத ஓகே குடுத்துட்டுப் போயிடறோம்.

சரி பண்றதுக்கு டிசைன் வியூல வலது ஓரத்த இழுத்து அகலத்த 19-க்குக் கொண்டு வாங்க. இழுத்தா வர மாட்டேங்குதுன்னா ஏதோ ஒரு கோடோ லேபிளோ வலது ஓரத்துல மாட்டியிருக்கு, பேஜ் ஹெடர்ல இருக்கற நீளக் கோடுதான் பெரும்பாலும். டிசைன்ல கை வைக்காதீங்கன்னு மேல சொன்னேன், இது ஒண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு, ஏன்னா இங்க டிசைன்லயே இடைவெளி விடாம வெச்சது நம்ம தப்பு.

பேப்பர் சைஸும் பாருங்க. விண்டோஸ் ரீஜன் யுனைடெட் ஸ்டேட்ஸ்னு இருக்கற கம்ப்யூட்டர்ல புதுசா டிரைவர் போட்டா அது லெட்டர் சைஸ்லதான் உக்காரும். லெட்டர் 21.59க்கு 27.94, ஏ4 21க்கு 29.7. அகலம் கூட இருக்கறதால வெத்துப் பக்கம் வராது, ஆனா உயரம் 1.76 சென்டிமீட்டர் கம்மி, 0.55 உயர வரின்னா பக்கத்துக்கு மூணு வரி போச்சு, 44 வரி ஏறின எடத்துல 41தான் ஏறும், பத்துப் பக்க ரிப்போர்ட் பதினொண்ணாகும். பக்க நம்பர வெச்சு ஃபைல் பண்றவங்க இதக் கவனிச்சுடுவாங்க, மத்தவங்களுக்குத் தெரியவே தெரியாது. டிரைவரோட பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்ல ஏ4 ஆக்கிட்டு, ரிப்போர்ட்டோட பேஜ் செட்டப்லயும் ஏ4தானான்னு பாத்துக்குங்க.

கோடு, கட்டம், லோகோ எல்லாம் காணோம், எழுத்து டைப்ரைட்டர் மாதிரி இருக்கு

டிஃபால்ட் பிரிண்டர் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லியா இருக்கும். டாட் மேட்ரிக்ஸ் வேகமா ஓடணும்னு அத போடுவாங்க, டாஸ் காலத்து பில்லிங்க்கு அது சரி, அந்த டிரைவருக்குப் படம் வரையவே தெரியாது, அதனால ஆக்சஸ் அதுகிட்டப் போய் கேட்டா தெரிஞ்ச நாலு எழுத்து வகையத்தான் அது சொல்லும். பிரிண்டருக்கான அசல் டிரைவரத் தனியா இன்னொரு பேர்ல போட்டுக்குங்க, ஒரே பிரிண்டருக்கு ரெண்டு டிரைவர் ரெண்டு பேர்ல இருக்கலாம், தப்பே இல்ல, டாஸ் பில்லுக்கு ஒண்ணு, ஆக்சஸுக்கு ஒண்ணு.

டாட் மேட்ரிக்ஸ்ல இன்னொரு வழக்கமான சிக்கல் தொடர் பேப்பர். 10க்கு 12 இன்ச் பேப்பர் டிரைவர் லிஸ்ட்ல இருக்காது, ஏ4-ன்னு விட்டா பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி சில பக்கத்துலயே தலைப்பு மடிப்பு மேல வந்து உக்காரும். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபார்ம்ஸ் டேபுல புது ஃபார்ம் ஒண்ணு உருவாக்குங்க, அகலம் 25.4, உயரம் 30.48 சென்டிமீட்டர், அப்புறம் அது பேஜ் செட்டப் லிஸ்ட்ல வரும். இத ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் தனியாப் பண்ணணும். விண்டோஸ் அந்த சைஸுக்கு ஒரு நம்பர் குடுக்கும், ரிப்போர்ட் ஞாபகம் வெச்சுக்கறது அந்த நம்பரத்தான், ஃபைல காப்பி பண்ணி வேற கம்ப்யூட்டர்ல போட்டா அங்க அந்த நம்பர் வேற சைஸா இருக்கலாம், அதனால ஃபைல மாத்தினதும் ஒருதடவ பேஜ் செட்டப்பத் தொறந்து பாத்துடுங்க.

கோடும் பார்கோடும் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாள்ல இருந்து மட்டும் போச்சுன்னா அப்டேட்டயே சந்தேகப்படுங்க. 2021 மார்ச்ல அப்படி நடந்துது, அந்த மாச அப்டேட் சில டிரைவரோட ஒத்துப்போகாம பிரிண்ட் குடுத்தா நீலத் திரை வந்துது, சில எடத்துல கட்டக் கோடும் பார்கோடும் விழாம போச்சு, மைக்ரோசாஃப்ட் அதே மாசத்துல அவசரமா திருத்தம் விட்டுது. அந்த நேரத்துல ரிப்போர்ட்டத் திருத்தினவங்க எல்லாம் அப்புறம் திரும்பப் பழையபடி மாத்த வேண்டியதாப் போச்சு.

தமிழ் எழுத்து ஒடையுது

ரெண்டு வகை இருக்கு, கலந்துடாதீங்க. ப்ரிவியூல "கொ" ஒழுங்கா தெரியுது, பேப்பர்ல கொம்பு தனியா கால் தனியா சிதறுது அல்லது கட்டம் கட்டமா வருதுன்னா அது டிரைவர். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்ட்ல ட்ரூடைப் ஃபான்ட்ட கிராஃபிக்ஸா பிரிண்ட் பண்ணுன்ற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கும், டிரைவருக்கு டிரைவர் வார்த்தை மாறும், அத ஆன் பண்ணுங்க. கொஞ்சம் மெதுவாகும், ஆனா திரையில தெரியறது அப்படியே விழும். அதே பிரிண்டருக்கு பிசிஎல் டிரைவரும் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரும் (பிரிண்டர்கிட்ட பேசற ரெண்டு வேற வேற மொழி) ரெண்டும் கெடைச்சா ஒண்ணுல வராதது இன்னொண்ணுல வரும், போட்டுப் பாருங்க.

ப்ரிவியூலயே எழுத்து அகலமாகி பேரு பாதில வெட்டுதுன்னா அது டிரைவர் இல்ல, ஃபான்ட். பழைய ரிப்போர்ட் எல்லாம் லதான்ற தமிழ் ஃபான்ட்ல இருக்கும். விண்டோஸ் 10-ல லதா தானா வராது, தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்னு ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்ல தனியா இருக்கு, அத போடலன்னா விண்டோஸ் நிர்மலா ஃபான்ட்லயோ வேறெதுலயோ காட்டும், அதோட அகலம் வேற. புது கம்ப்யூட்டர் வாங்கினதும் "பிரிண்டர் டிரைவர் சரியில்ல"ன்னு திரும்பத் திரும்ப டிரைவரப் போட்டு அழிச்சு ரெண்டு நாள் வீணாக்கினவங்கள எனக்குத் தெரியும், அந்த ஒரு ஃபீச்சர சேத்தா முடிஞ்சுது.

தொகையில கடைசி எழுத்து வெட்டுது, இல்லன்னா ##### வருது

தெர்மல் பிரிண்டர் 203 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு இத்தன புள்ளி), லேசர் 600. ஒவ்வொரு எழுத்தோட அகலத்தையும் டிரைவர் தன்னோட புள்ளிக்கு ஏத்த மாதிரி முழுசாக்கும், ஒரு எழுத்துக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, நாப்பது எழுத்து சேந்தா ஒரு எழுத்து வெளிய போயிடும். டெக்ஸ்ட் பாக்ஸ்ல எப்பவுமே ரெண்டு மூணு மில்லிமீட்டர் கூட விடுங்க, முகவரி மாதிரி நீள விஷயத்துக்கு கேன் க்ரோவ (எடம் பத்தலன்னா பாக்ஸ் கீழ்ப்பக்கமா வளர விடற ப்ராப்பர்ட்டி) எஸ் பண்ணுங்க. தொகைக்குக் கேன் க்ரோ வேண்டாம், 1,25,000 ரெண்டு வரியா மடிஞ்சா படிக்கறவர் ஏமாந்துடுவார். ஆப்ஷன்ஸ்ல கரண்ட் டேட்டாபேஸ்ல செக் ஃபார் ட்ரன்கேட்டட் நம்பர் ஃபீல்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அத ஆன்லயே வைங்க, எடம் பத்தலன்னா ##### காட்டும். அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா 1,25,000-த்த 25,000-ன்னு காட்டறத விட ஆயிரம் மடங்கு மேல்.

ரிப்போர்ட் தொறக்க ஒரு நிமிஷம் ஆகுது

டிஃபால்ட் பிரிண்டர் நெட்வொர்க்ல இருக்கு, அது ஆஃப்ல இருக்கு இல்லன்னா அதப் பகிர்ந்திருக்கற கம்ப்யூட்டர் ஆஃப்ல இருக்கு. ஆக்சஸ் கேள்விய அனுப்பிட்டு பதிலுக்குக் காத்திட்டிருக்கு. டிசைன் வியூல ஒவ்வொரு மாத்தத்துக்கும் காத்திருக்கும், அது இன்னும் கொடுமை. ரிப்போர்ட் டிசைன் பண்றவங்க பிடிஎஃப் பிரிண்டர டிஃபால்ட்டா வெச்சுட்டு வேலை பாருங்க, அது உள்ளூர்லயே இருக்கறதால உடனே பதில் சொல்லும்.

ஒரே ஒரு ரிப்போர்ட் தொட்டா ஆக்சஸே மூடிக்குது

மத்த ரிப்போர்ட் எல்லாம் ஓடுது, இது ஒண்ணு மட்டும் தொறந்தா ஆக்சஸ் விழுந்துடுது, காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் பண்ணியும் போகல. அந்த ரிப்போர்ட்டுக்குள்ள பதிஞ்சிருக்கற பிரிண்டர் விவரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், பழைய டிரைவர் எழுதி வெச்ச குப்பைய புது டிரைவர் படிக்கப் போய் தடுக்கி விழுது.

மொதல்ல டேட்டாபேஸ காப்பி எடுத்துடுங்க. கன்ட்ரோல் ஜி அழுத்தி இமீடியட் விண்டோவுக்குப் போய் அப்ளிகேஷன் டாட் சேவ்அஸ்டெக்ஸ்ட் கட்டளைய ஓட்டுங்க, ஏசிரிப்போர்ட்னு வகையும், ரிப்போர்ட் பேரும், எந்த ஃபைல்ல எழுதணும்னும் குடுக்கணும். அது ரிப்போர்ட் மொத்தத்தையும் டெக்ஸ்ட்டா எழுதிக் குடுத்துடும். நோட்பேட்ல தொறந்தா மேலயே கொஞ்ச வரியத் தாண்டினதும் பிஆர்டிமிப், பிஆர்டிடெவ்மோட், பிஆர்டிடெவ்நேம்ஸ்னு வரிசையா வரும், கடைசி ரெண்டுக்கும் டபிள்யூ சேத்த ஜோடியும் இருக்கும், ஒவ்வொண்ணும் பிகின்ல தொடங்கி எண்ட்ல முடியும், நடுவுல வெறும் எண்ணும் எழுத்துமா பத்து இருபது வரி. அந்த டெவ்மோட் வரிகள்ல பெரும்பாலும் மொத கொஞ்சம் எழுத்து பழைய பிரிண்டரோட பேருதான், ரெண்டு ரெண்டாப் பிரிச்சுப் படிச்சா தெரியும், 48 50 20-ன்னு ஆரம்பிச்சா எச், பி, ஒரு இடைவெளி. ஆபீஸ்ல இருந்து எப்பவோ எடைக்குப் போட்ட பிரிண்டரோட பேர நான் அதுல பாத்திருக்கேன்.

டெவ்மோட், டெவ்நேம்ஸ் நாலு துண்டையும் பிகின்ல இருந்து எண்ட் வரைக்கும் அழிச்சுடுங்க. மிப்ல மார்ஜின் இருக்கு, மொத தடவை அத விட்டு வைங்க, அப்படியும் விழுந்தா அதையும் எடுங்க, அப்ப மார்ஜின திரும்ப நீங்களே வைக்கணும். சேவ் பண்றப்ப எந்த என்கோடிங்ல இருந்துதோ அதுலயே சேவ் பண்ணுங்க. அப்புறம் லோட்ஃப்ரம்டெக்ஸ்ட்னு அதே மாதிரி ஓட்டினா ரிப்போர்ட் உள்ள வந்துடும், ஆனா அதே பேருல ஏற்றினா பழசு மேல கேக்காமலேயே எழுதிடும், அதனால மொதல்ல வேற பேருல ஏத்தி, தொறந்து பாத்துட்டு, அப்புறம் பழச எடுங்க. இந்த மருந்து எனக்குத் தெரிஞ்சு தோத்தது ரொம்பக் கம்மி.

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், ஃபாக்ஸ்ப்ரோ வெச்சிருக்கறவங்களுக்கு

இதுவும் ரிப்போர்ட் போடற, டேட்டாபேஸ் வெச்சுக்கற வேற சாஃப்ட்வேர்தான். நோய் அதேதான், மாத்திரை இருக்கற எடம் வேற. கிரிஸ்டல்ல பேஜ் செட்டப்ல நோ பிரிண்டர்னு ஒரு டிக் இருக்கு, ஸ்கிரீன்லயும் பிடிஎஃப்லயும் மட்டும் பாக்கற ரிப்போர்ட்டுக்கு அத போட்டுடுங்க, டெவலப்பர் மெஷின்ல ஒரு மாதிரி சர்வர்ல ஒரு மாதிரின்ற புகார்ல பெரும்பகுதி அடங்கிடும்.

விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோல ரிப்போர்ட்டோட எஃப்ஆர்எக்ஸ் ஃபைலே ஒரு டேபிள்தான், யூஸ் குடுத்துத் தொறந்து பிரவுஸ் பண்ணலாம். மொத ரெக்கார்டுல டேக், டேக்2-ன்னு ரெண்டு மெமோ ஃபீல்டு, பிரிண்டர் விவரம் அதுலதான் ஒளிஞ்சிருக்கு, ரெண்டையும் காலி பண்ணுங்க. அதே ரெக்கார்டுல எக்ஸ்பர் (Expr) ஃபீல்டுல டிரைவர், டிவைஸ், அவுட்புட்னு வரிகள் இருந்தா அதையும் எடுத்துட்டு ஓரியன்டேஷனும் பேப்பர்சைஸும் மட்டும் விட்டு வைங்க. பேப்பர்சைஸ் 9-ன்னா ஏ4, 1-ன்னா லெட்டர். 1-ன்னு இருந்தா 9 ஆக்கிட்டு மூடுங்க, ரிப்போர்ட்ட ஓட்டிப் பாத்துட்டு மத்த எஃப்ஆர்எக்ஸ்லயும் அதையே பண்ணிடுங்க.